எதிர்த்தூண் ஆள்

விடியலிலிருந்து எண்ணினால் பகல் ஒன்பதாம் மணி, வெயில் சாயும் பிற்பகல். லோலியுஸின் உடல் வெந்நீர்த் தொட்டியில் குப்புறக் கிடந்தது. அதைப் பார்த்து அலறக்கூட அங்கே கூட்டம் இல்லை. ஓஸ்தியா துறைமுகமே விழாவின் முதல் நாளென்று நாடக அரங்கில் போய் உட்கார்ந்திருந்தது. அப்படிப்பட்ட நாளிலும் குளியல்கூடத்துக்கு வருகிறவன், கூடப் போக ஆள் இல்லாதவனாகத்தான் இருப்பான்.

லோலியுஸ் அப்படி ஒருவர். சற்றுப் பின்னால் வந்து சேர்ந்த கல்வேனுஸ் இன்னொருவர்.

கல்வேனுஸ் இருபத்தாறு வருடம் தீயணைப்புக் காவல் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை கிடையாது. தினமும் இளஞ்சூட்டு அறைக்கு வந்து, உடம்பில் எண்ணெய் தேய்த்து, வெண்கலச் சுரண்டியால் அழுக்கோடு வழித்தெடுப்பார். முதுகு மட்டும் எட்டாது. சுரண்டிவிட அடிமையும் இல்லை. அதனால் வலப்பக்கத் தூணில் மாடுபோல முதுகை உரசிக்கொள்வார். இடப்பக்கத் தூணில் லோலியுஸ் அதையே செய்வார். பதினோரு வருடமாக இரண்டு பேரும் எதிரெதிரே உரசிக்கொண்டு, ஒரு தலையசைப்போடு கலைந்து போனார்கள். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. தூண்கள் இரண்டிலும் எண்ணெய் மினுமினுப்பு ஏறியிருந்தது. லோலியுஸ் குள்ளம். அவருடைய மினுமினுப்பு ஒரு சாண் கீழே இருந்தது.

இன்று வாசலிலேயே குளியல்கூடப் பொறுப்பாளன் திதியுஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். உடுப்புக் காவலாளையும் விழாவுக்கு அனுப்பிவிட்டு, உடுப்பு மாடங்களுக்கு அவனே காவல் இருந்தானாம். உள்ளே போனது இடத்தூண்காரர் லோலியுஸ் ஒருவர்தானாம்; அந்தப் பெயரைக் கல்வேனுஸ் கேட்பது இதுவே முதல் தடவை. வெகு நேரம் ஆளைக் காணோமென்று போய்ப் பார்த்தால் இந்தக் கோலமாம். எல்லாம் அடுப்படி ஆள் தாலுஸ் செய்த வேலை, கண்மண் தெரியாமல் விறகைத் திணித்திருக்கிறான், சூடு தாங்காமல் கிழவர் மயங்கி விழுந்துவிட்டார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

தாலுஸ் கை கட்டப்பட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். பதினோராம் மணிக்கு நகர நீதிபதியின் ஆட்கள் வருவார்கள். அடிமையிடம் வாக்குமூலத்தை அடித்துத்தான் வாங்குவார்கள். அதில் உயிர் மிஞ்சினால் கல்குவாரி.

கல்வேனுஸ் அவன் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"இன்னிக்கு சூடு ஜாஸ்தியா?"

"ஆமாங்க ஐயா. ஆட்டம் முடிஞ்சா ஊரே வந்து எறங்கும், நல்லா எரின்னு பொறுப்பாளர் ஐயாதான் சொன்னாரு. தரையில ரொட்டி சுடலாம்."

"லோலியுஸ் வெந்நீர் அறைக்கு எப்போ வந்தாரு?"

"வரவே இல்லைங்க."

திதியுஸ் பல்லைக் கடித்தான். "பாத்தீங்களா, எப்படி வாய் கூசாமப் புளுகுறான்னு?"

"நான் தரைக்கு அடியில இருக்கறவன் ஐயா. மேல கட்டைச் செருப்பு டொக்கு டொக்குன்னு கேட்டாத்தான் ஆள் வந்திருக்குன்னு எனக்குத் தெரியும். இன்னிக்கு ஒரு சத்தமும் கேக்கல. கடைசியா இவரு கத்திக்கிட்டு ஓடி வந்த சத்தம்தான்."

கல்வேனுஸ் மெல்ல எழுந்தார். வெந்நீர் அறைத் தரையில் கட்டைச் செருப்பு இல்லாமல் நாலு எட்டு வைக்க முடியாது. அடியில் நெருப்புக் காற்று ஓடுகிறது, மேலே கல் தகிக்கிறது. இது ஓஸ்தியாவில் பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரியும்.

லோலியுஸை இளஞ்சூட்டு அறைப் பலகையில் கிடத்தியிருந்தார்கள். பலகைக்குக் கீழே அவருடைய கட்டைச் செருப்பு ஒழுங்காக ஜோடி சேர்ந்து இருந்தது. தொட்டுப் பார்த்தார். வார்கூட நனையவில்லை. பாதங்களைத் திருப்பினார். வெந்நீரில் ஊறிச் சுருங்கியிருந்தன, ஒரு கொப்புளம் இல்லை. முன்பல் இடுக்கில் வெள்ளை நூல் ஒன்று, துண்டிலிருந்து பிரிந்தது. பிறகு உடலைப் புரட்டி முதுகைப் பார்த்தார்.

தோளிலிருந்து இடுப்பு வரை நேர்நேராகச் சிவந்த கோடுகள். சுரண்டி இழுத்த தடம், உயிர் இருந்தபோது விழுந்தது. பதினோரு வருடத்தில் அந்த முதுகில் கல்வேனுஸ் பார்க்காத கோடுகள்.

யாரோ ஒருவர் இன்று இந்த மனுஷனின் முதுகைச் சுரண்டிவிட்டிருக்கிறார். இவர் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்! நான்கு எட்டு தூரத்தில் தினமும் நின்ற தனக்கு ஒரு நாளும் அது தோன்றவில்லையே என்று நெஞ்சு சுட்டது.

முற்றத்துப் பக்கம் போனார். சந்திலிருந்து விறகு வருகிற கதவு உள்தாழ் போடாமல் வெறுமனே சாத்தியிருந்தது.

பத்தாம் மணி. லோலியுஸின் தங்கை மகன் மசோ வந்து சேர்ந்தான். நல்ல உடுப்பு, வாசனைத் தைலம், முழங்கால் வரை வார் கட்டிய தோல் செருப்பு. நாடக அரங்கிலிருந்து சேதி கேட்டு ஓடிவந்ததாகச் சொன்னான். ஓடிவந்தவன் வாசலிலிருந்து அறை வரை பாதத்தின் ஓரத்திலேயே நடந்து வந்தான்.

"மாமா, என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டீங்களே," என்று வாசற்படியில் சாய்ந்துகொண்டான்.

"தம்பி, உள்ள வந்து பாருங்க," என்றார் கல்வேனுஸ். "செருப்பை மட்டும் கழட்டிடுங்க. தெருச்செருப்போட இந்த அறைக்குள்ள யாரும் வர்றதில்ல."

"இங்கேயிருந்தே பாக்கறேன்."

"பெத்த அப்பா மாதிரி இருந்த மாமாவுக்கு ஒரு முத்தம் குடுக்க வேணாமா?"

"நீ யாருய்யா என்னைக் கேக்க?"

"எதிர்த்தூண் ஆள். செருப்பைக் கழட்டுங்க."

மசோ திரும்பி நடக்கப் பார்த்தான். திதியுஸ் வாசலை அடைத்துக்கொண்டான். அவனுக்கு விஷயம் புரிந்துவிடவில்லை. செத்த வீட்டு ஆள் முத்தம் கொடுக்காமல் போவது அபசகுனம் என்றுதான் நினைத்தான். தள்ளுமுள்ளில் ஒரு வார் அறுந்து செருப்பு கழன்றது. உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், இரண்டு உடைந்து நீர் வடிந்தது.

கல்வேனுஸ் குரலை உயர்த்தவில்லை.

"உங்களைப் பாத்தாலே தெரியுது, வீட்டுல முதுகு தேய்க்க நாலு ஆள் இருக்கும். அதனால கவனிப்பாரில்லாத முதுகு எப்படி இருக்கும்னு, அதுல சுரண்டிக் கோடு விழுந்தா காட்டிக்குடுக்கும்னு உங்களுக்குத் தெரியாது. விறகுக் கதவு வழியா வந்து, தெருச்செருப்பைக் கழட்டி வச்சிட்டு, மாமா, முதுகைக் குடுங்கன்னு ஆசையாக் கேட்டிருப்பீங்க. அவரும் நம்பித் திரும்பி உக்காந்துட்டாரு. பின்னாலேர்ந்து துண்டை மூஞ்சியில அழுத்திட்டீங்க. சூட்டுல செத்தாருன்னு காட்ட, தொட்டிக்குத் தூக்கிட்டுப் போனீங்க. கட்டைச் செருப்புப் போட்டா சத்தம் கேக்கும்னு வெறுங்கால். அவரைச் சுட்டிருக்க வேண்டிய தரை உங்களைச் சுட்டுடுச்சு."

மசோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நாளைக்கு மாமா உயிலை மாற்றி எழுதி வீட்டைச் சமையற்காரிக்குக் கொடுக்க இருந்ததாகத் தானே சொன்னான். சாட்சிகளுக்குக்கூடச் சொல்லி அனுப்பியாயிற்றாம். தாலுஸை அவிழ்த்த கயிற்றாலேயே மசோவைக் கட்டினார்கள். பதினோராம் மணிக்கு வந்த ஆட்கள், பாதத்தையும் நூலையும் பார்த்துவிட்டு அவனைக் கூட்டிப் போனார்கள். உடலைக் கொண்டுபோகப் பாடை வந்தது.

திதியுஸ் அசடு வழிந்தபடி பக்கத்தில் வந்து நின்றான்.

"நேத்து அவரு உங்க பேரைக் கேட்டாரு."

"எதுக்கு?"

"இன்னிக்கு ராச்சாப்பாட்டுக்கு உங்களைக் கூப்பிடணுமாம். ரெண்டு பேருக்கு மீன் வாங்கச் சொல்லியிருக்காராம். பதினோரு வருஷமாப் பாக்கற ஆளைப் பேர் தெரியாம எப்படிய்யா கூப்பிடறதுன்னு வெக்கப்பட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கும் தெரியாதுன்னேன். உங்களை நாங்க வலத்தூண்னுதானே சொல்லுவோம்."

எல்லாரும் போன பிறகு கல்வேனுஸ் இளஞ்சூட்டு அறைக்குள் தனியாகப் போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டார். அடியில் தாலுஸ் மறுபடி விறகு வைக்கும் சத்தம் கேட்டது. தரை மெல்லச் சூடேறியது.

அவர் தன் தூணுக்குப் போகவில்லை. இடப்பக்கத் தூணின் முன்னால் போய் நின்றார்.

"என் பேரு கல்வேனுஸ்," என்றார்.

பிறகு திரும்பி, அந்த மினுமினுப்பு முதுகில் படும்படி முழங்காலை ஒரு சாண் மடக்கிக்கொண்டார்.