நாலு வருஷப் படிப்பு

எதிர்வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பதிவகத்துக்குப் போனான். மத்தியானச் சாப்பாட்டுக்கு சிவில் இன்ஜினியராகத் திரும்பி வந்தான். அறிவுப்பதிவு ஏறிய அன்று தலை கனக்கும் என்பதால் அவன் அம்மா மோர்ச்சோறு பிசைந்து கொடுத்துத் தூங்க வைத்தாள். மறுநாளே ஒரு பாலம் கட்டும் வேலைக்குக் கிளம்பிவிட்டான். எங்கள் ஊர் கோபியில் எல்லார் வீட்டிலும் படிப்பு இப்படித்தான் முடிகிறது. என் மகள் நித்திலாவுக்கு மட்டும் மூளையியல் படிக்க வேண்டுமாம்.

உலகத்தில் ஏற்ற முடியாத பாடம் அது ஒன்றுதான். மூளையைப் பற்றிய பாடத்தை மூளைக்குள் பதித்தால், அது தன்னையே பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறது. முதலில் முயன்று பார்த்தவர்கள் இன்னும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார்கள். அதனால் மூளையியலை மட்டும் அந்தக் காலத்து வழக்கப்படி, வகுப்பில் உட்கார்ந்து நாலு வருஷம் படித்தாக வேண்டும். அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் பதிவைப் பத்தொன்பது வயதுக்குள் போட்டுக்கொள்ளாவிட்டால் பிறகு எதுவுமே ஏறாது. நித்திலாவுக்கு இப்போதே பதினேழு, படித்து முடிக்கும்போது அந்த வயது தாண்டிவிடும். கல்லூரி சொத்தையாக அமைந்துவிட்டால் நித்திலாவுக்கு இந்தப் படிப்பும் இல்லை, வேறு பிழைப்பும் இல்லை.

அவள் பிடிவாதத்துக்குக் காரணம் அவள் அப்பா பிரணவ். லேத் வேலைக்கு ஒரு பதிவு, சூரியத்தகடு வேலைக்கு ஒரு பதிவு என்று ஏற்கெனவே இரண்டு போட்டிருந்தார். அந்த வேலையும் போனபோது, நீர்ச்சுத்திகரிப்புக்காக மூன்றாவதும் போட்டுக்கொண்டார். பாடம் நன்றாக ஏறியது, முகங்கள் போய்விட்டன. எதிரே நிற்பது நானா, பால்காரரா என்று குரல் வந்தால்தான் தெரியும். அப்போது நித்திலாவுக்குப் பத்து வயது. அன்றிலிருந்து எந்த அறைக்குள் நுழைந்தாலும் "அப்பா, நித்திலா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டேதான் வருவாள்.

கல்லூரியை எப்படித் தேடுவது என்பது எங்கள் தலைமுறைக்கே தெரியாது. நல்ல பதிவகம் எது என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன். முதலில் கோவையில் ஒரு தனியார் கல்லூரிக்குப் போனோம். வரவேற்பில் இவர் கேட்ட முதல் கேள்வி, "சாயங்காலம் எத்தன மணிக்குங்க புள்ளையக் கூட்டிட்டுப் போக வரோணும்?" என்பதுதான். அங்கிருந்த பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு எங்களை உள்ளே அனுப்பினாள். நான் தரையைப் பார்த்தபடி நடந்தேன்.

உள்ளே சேர்க்கை அலுவலர் மூளையின் ஒளியுரு ஒன்றை அந்தரத்தில் சுழலவிட்டார். இவருடைய நிலைமையை நித்திலா சொல்லி முடிப்பதற்குள், "முகமறதி. எங்க பாடத்துல அதுக்குன்னே ஒரு அலகு இருக்கு. காரணம், தீர்வு எல்லாம் அதுல வந்துடும்" என்றார். கண் ஒளியுருவிலேயே இருந்தது. இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டணத்தைக் கேட்டேன். வீட்டை விற்றாலும் இரண்டாம் வருஷத்தைத் தாண்டாது. அப்படியும் எனக்கு அந்த இடம் பிடித்துத்தான் இருந்தது. அவ்வளவு காசு கேட்கிறார்கள் என்றால் சரக்கு இருக்கும் என்றுதானே தோன்றும்?

அடுத்து தர்மபுரிக்குப் பக்கத்தில் இருந்த அரசு மூளையியல் கல்லூரிக்கு அரை மனதோடு போனேன். சாப்பாட்டுச் செலவு மட்டும்தான் என்றார்கள். சும்மா கிடைப்பதன் லட்சணம் தெரியாதா என்று மனதுக்குள் முனகிக்கொண்டேன். சுவரில் காரை வேறு உதிர்ந்திருந்தது. பேராசிரியர் ஜெசிந்தா என்று ஒருவர், நித்திலா சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து வந்து, தன் நாற்காலியை இவருக்கு எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, கண்ணை மூடினா பொண்ணு முகம் வருதா?"

"வருதுங்க" என்றார் இவர், யோசிக்காமலே. "பத்து வயசு மொகமுங்க. ரெட்டைச் சடை, முன்பல்லு ரெண்டும் பெருசா இருக்கும். நான் பதிவுக்குப் போன அன்னிக்கு வாசல்ல நின்னு டாட்டா காட்டுச்சு. அதோட சரிங்க. இப்பப் பேசறப்போ கொரலு பெரிய புள்ளையோடது. மொகம் அந்தச் சின்னப் புள்ளையோடதுதானுங்க."

ஏழு வருஷமாக அவர் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறேன். இதை நான் கேட்டதே இல்லை. எத்தனையோ மருத்துவமனை அலைந்தோம், அங்கேயும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நித்திலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

"நாலு வருசத்துல இவ அவரச் சரி பண்ணிருவாளுங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா" என்றார் ஜெசிந்தா. "பழைய முகம் உள்ளே தங்கிடுது, எதிர்ல பார்க்கற முகம் மட்டும் ஏன் ஒட்ட மாட்டேங்குதுன்னு எங்க யாருக்கும் தெரியாது. தேடிட்டுதான் இருக்கோம். சரியாயிடும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். இவளும் எங்களோட சேர்ந்து தேடட்டும்."

தெரியாது என்று ஒரு படித்தவர் வாயால் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. பதிவு ஏறியவர்களுக்கு அந்த வார்த்தையே வராது.

"அம்மா, இங்கயே சேர்றேன்" என்றாள் நித்திலா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. நான் சேர்க்கைப் படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜூன் மாதம் விடுதியில் கொண்டுபோய் விட்டோம். பிள்ளையை விட்டுவிட்டு வருவது எங்கள் காலத்தில் யாருக்கும் பழக்கமில்லை. என்ன சொல்ல வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், அழலாமா கூடாதா என்று ஒன்றும் புரியவில்லை. "நல்லாச் சாப்பிடு சாமி" என்று மட்டும் சொன்னேன். இவர் அவள் கையை விடவே இல்லை. கடைசியில் அவளேதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பஸ் தொப்பூரைத் தாண்டியது. அப்புறம் இவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்புள்ள, நம்ம கண்ணு இப்ப எப்புடி இருப்பா?"

போனில் அவள் படம் இருந்தது. இவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? நானே சொல்ல ஆரம்பித்தேன். மூக்கு உங்க அம்மா மூக்குதானுங்க, நுனி மட்டும் கொஞ்சம் தூக்கினாப்பல இருக்கும். நெத்தி அகலம். எடது புருவத்துல ஒரு கீறல், சைக்கிள்ல இருந்து விழுந்தது. கன்னம் இப்ப ஒட்டிப்போச்சுங்க, தாடை உங்களுதாட்டமே... எனக்கு எதையும் படபடவென்றுதான் சொல்ல வரும்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் என் கையைப் பிடித்தார்.

"மெல்லச் சொல்லு புள்ள. படிச்சுக்கறேன்."