நான்காவது சர்வர்

டுரியான் துங்கால் சாலையை விட்டு, செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் மண்பாதையில் காரைத் திருப்பும்போது பிற்பகல் மூன்று மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பாதை முடியும் இடத்தில் எங்கள் ஆபிஸ். ஒரு காலத்தில் தோட்டத்து மேனேஜர் குடியிருந்த பங்களா அது. ஓட்டுக்கூரை, உயரமான ஜன்னல்கள், நடுவில் மட்டும் ஜன்னலே இல்லாமல் நாங்கள் கட்டிக்கொண்ட ஒரு குளிர் அறை. அந்த அறைக்குள் மூன்று சர்வர்கள். மலாக்காவில் நாற்பது கிளினிக்குகளின் நோயாளிகள் விவரம் முழுக்க அந்த மூன்றில்தான் இருந்தது.

அன்று ஆயுத பூஜை. போன ஆயுத பூஜை அன்றுதான் அனுசியா அந்த அறைக்குள் செத்துப்போனாள்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. மூன்று சர்வர்களும் ஒரே கூட்டம். கிளினிக்குகளிலிருந்து வரும் வேலையை முன்னால் இருக்கும் ஒரு கருவி மூன்றுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். ஒவ்வொரு சர்வரும் நொடிக்கு ஒரு தரம் ‘உயிரோடிருக்கிறேன்’ என்று மற்ற இரண்டுக்கும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து நொடி பேச்சு இல்லையென்றால் அது செத்துவிட்டதாக வைத்து, மற்ற இரண்டும் அதைக் கழற்றிவிட்டு அதன் பாரத்தையும் தாங்கிக்கொள்ளும். லூபோக் சீனா கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருக்கும் நர்ஸுக்கு ஒன்றும் தெரியாது. இதையெல்லாம் வடிவமைத்தவள் அனுசியா. நான் அவளுக்குக் கீழே இருந்தவன். அவள் கெட்டிக்காரி, எனக்கு அதில் பொறாமை உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பாஸ் யுவனேஸ்வரனுக்கு இரண்டு விஷயத்தில் வெறி. சிஸ்டம் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது. ஆயுத பூஜையும் நிற்கக் கூடாது. அதனால் வருஷா வருஷம் ஒவ்வொரு சர்வராக நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடியும் ஓடவிடுவோம். ஒன்று நிற்கும்போது மற்ற இரண்டும் சமாளித்துக்கொள்ளும். கடைசியில் சாம்பிராணி. அதற்கு முன்னால் கூரையில் இருக்கும் புகைக் கருவியை ஒரு பிளாஸ்டிக் பையால் கட்டிவிட வேண்டும். புகை பட்டால் தீயணைக்கும் வாயு அறைக்குள் பாய்ந்துவிடும். அந்த வாயுவில் நெருப்பும் அணையும், மனிதனுக்கும் மூச்சு நின்றுவிடும்.

போன வருஷம் கோலாலம்பூரிலிருந்து புதிய வாடிக்கையாளர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாஸுக்கு அவசரம், முதல் சர்வருக்குப் பொட்டு வைத்ததுமே சாம்பிராணியை எடுத்துவிட்டார்.

“ரெண்டு சுத்து சுத்திட்டு வந்துர்றேன் லா. பையெல்லாம் எதுக்கு?” என்று சாம்பிராணித் தட்டோடு உள்ளே போனார். போன வேகத்தில் வெளியே வந்துவிட்டார். முதல் சர்வரைத் திரும்ப ஓடவிட அனுசியா உள்ளேயே நின்றாள்.

அபாயச் சங்கு ஊதியது. அவள் கதவுக்கு ஓடி வந்தாள். கதவு திறக்கவில்லை.

அந்தக் கதவின் காந்தப் பூட்டும் அதே சர்வர்களை நம்பித்தான் இருந்தது. ஒன்று பூஜைக்காக நின்றிருந்தது. வாயு பாய்ந்த குளிரில் இரண்டாவது உறைந்துபோனது. மூன்றாவது நாற்பது கிளினிக்குகளின் பாரத்தையும் தூக்கிக்கொண்டு, கதவு வேலையை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டது. உள்ளே இருக்கும் பொத்தான் கெட்டுப்போய் ஒரு மாதமாகிறது என்று அவளே இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தாள்.

வெளியே சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அமுக்கினால் மொத்த மின்சாரமும் நின்று, காந்தம் கதவை விட்டுவிடும். நாற்பது கிளினிக்கும் நின்றுபோகும்.

அவள் தட்டினாள். நொடிக்கு ஒரு தட்டு.

நான் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினேன். பாஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “டேய் நிவேன், அமுக்காத. ஆளுங்க உக்காந்திருக்காங்க. ரெண்டு நிமிஷத்துல தானா வந்துரும்” என்று என் காதருகே சொன்னார்.

நான்கு நிமிஷம் ஆனது.

தடையை மீறி அனுசியாவேதான் சாம்பிராணியை உள்ளே கொண்டுபோனாள் என்று பாஸ் அறிக்கை எழுதினார். சாட்சி என்ற இடத்தில் நிவேந்திரன் என்று நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரமே அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இந்த வருஷம் ஆயுத பூஜை அன்று காலையில் அவள் தங்கை கலைமகள் ஜாசினிலிருந்து போன் செய்தாள். “அண்ணே, அக்காவுக்கு வீசிங். கோயில்ல சாம்பிராணி போட்டாகூட வெளிய வந்து நிப்பா. அவளா கொண்டு போயிருப்பா? ‘உங்க மகளே தேடிக்கிட்டா’ன்னு அம்மா மூஞ்சிக்கு நேரா சொல்றாங்கண்ணே. எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம். நடந்தத அப்படியே எழுதிக் குடுங்க, போதும்.”

யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். யோசிக்கும் எண்ணமே எனக்கு இல்லை.

ஆபிஸில் பாஸ் மட்டும் வேட்டி கட்டிக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடு காத்திருந்தார். மற்றவர்களுக்கு லீவு கொடுத்துவிட்டார். வாயு உருளைகளைப் போன வருஷமே கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். சங்கின் ஒயரையும் அறுத்தாகிவிட்டது. “இந்த வருஷம் புகை வேணாம்டா. பொட்டு மட்டும் வச்சிருவோம்” என்றார்.

கதவுக்கு வெளியே இருந்த மேசையில் உட்கார்ந்து மடிக்கணினியில் முதல் சர்வரை நிறுத்தினேன். அதன் பாரம் மற்ற இரண்டுக்கும் பிரிந்து போக வேண்டும். போகவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும்கூட ஒரு வேலையும் இல்லாமல் சும்மா கிடந்தன. நாற்பது கிளினிக்குகளின் வேலையும் எங்கோ ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

பட்டியலில் நான்காவதாக ஒரு வரி இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பாரம், நூற்றுக்கு நூறு.

“பாஸ், நாலாவதா ஒரு சர்வர் காட்டுது.”

“எவனோ வெளியேருந்து பூந்துட்டான். கழட்டி விடு.”

கழற்றப் பார்த்தேன். கூட்டத்திலிருந்து ஒன்றை விலக்க மற்றவை சம்மதிக்க வேண்டும். மூன்றும் மறுத்தன. நிறுத்தி வைத்திருந்த முதல் சர்வரும் சேர்ந்து மறுத்தது.

“ஒரு வேலைக்கும் லாயக்கில்ல நீ. நானே கேபிள உருவுறேன்” என்று பாஸ் என் போனுக்குக் கூப்பிட்டு, தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கதவில் பதித்திருந்த ஒரு சாண் கண்ணாடி வழியாக அவர் முதல் சர்வருக்கு முன்னால் குனிவதைப் பார்த்தேன்.

“நிவேன், நீயாடா இதுக்குப் பொட்டு வச்ச?”

“இல்லையே பாஸ். நான் இன்னும் உள்ள வரவே இல்ல.”

“சந்தனம் ஈரமா இருக்குடா.”

அப்போதுதான் வாடை வந்தது.

சாம்பிராணி.

ஒயர் அறுந்த சங்கு ஊத ஆரம்பித்தது.

பாஸ் கதவுக்கு ஓடி வந்தார். கைப்பிடியை ஆட்டினார். தட்டினார். உள்ளே எங்கேயோ வாயு சீறும் சத்தம். உருளையே இல்லாத அறையில் அந்தச் சத்தம்.

இந்தத் தடவை நான் யோசிக்கவே இல்லை. பாய்ந்து போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். கூடத்தில் விளக்கு அணைந்தது, ஏர்கோன் நின்றது, குளிர் அறைக்குள் சர்வர்களின் விளக்குகள் மூன்று வரிசையாக அணைந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முழுக்க இருட்டு.

கதவு திறக்கவில்லை.

மின்சாரமே இல்லாத காந்தம் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் காலை ஊன்றி இழுத்தேன். மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அந்த நான்காவது வரி மட்டும் நொடிக்கு ஒரு தரம் மின்னியது. உயிரோடிருக்கிறேன். உயிரோடிருக்கிறேன். பத்து நொடி நின்றால் போதும், நாற்பது கிளினிக்கிலிருந்தும் போன் போட்டுக் கத்துவார்கள். ஒரு போன்கூட வரவில்லை.

“அமுக்குடா!” பாஸின் குரல் போனில் கிழிந்தது.

“அமுக்கிட்டேன் பாஸ்!”

“பொய் சொல்ற. அன்னிக்கும் இப்படித்தான் நின்ன.”

“நீங்கதானே என் கையப் பிடிச்சீங்க!”

“நான் எங்கடா பிடிச்சேன்?”

சாகப்போகிறவன் எதையாவது உளறுவான். நான் கதவை இழுத்துக்கொண்டே இருந்தேன். தட்டும் சத்தம் மெலிந்தது. போனில் இருமல் கேட்டது, பிறகு மூச்சிரைப்பு. பிறகு வேறொரு குரல், மிக அருகில், கோபமே இல்லாமல் சொன்னது.

“ரெண்டு நிமிஷத்துல தானா வந்துரும்.”

தட்டுவது நின்றது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று என் மனம் தானாக எண்ணியது. பத்தாவது நொடியில் கதவு திறந்தது.

பாஸ் சர்வர்களுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார். நிறுத்தி வைத்த மெஷினுக்கு வைப்பது போல அவர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. யாரோ பொறுமையாக, கோணாமல் வைத்திருந்தார்கள்.

மூச்சுத் திணறிச் செத்தார் என்று டாக்டர் எழுதினார். எந்த வாயுவையும் கண்டுபிடிக்க முடியவில்லை. போலீஸார் பங்களாவுக்கு முத்திரை வைத்து, சர்வர்களை எடுத்துப் போய்விட்டார்கள். நான் போலீஸ் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். சாம்பிராணி பாஸ் கொண்டுபோனது, அறிக்கை பொய், அனுசியா மேல் ஒரு தப்பும் இல்லை, பொத்தானை அமுக்கவிடாமல் பாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் சொன்னேன். கலைமகள் போனில் அழுதுகொண்டே நன்றி சொன்னாள். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. இன்று காலை பத்து மணிக்கு, என் வீட்டு மாடி அறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது லூபோக் சீனா கிளினிக் நர்ஸ் பௌசியா கூப்பிட்டாள்.

“அண்ணே, சும்மாதான் கூப்பிட்டேன். சிஸ்டம் இப்ப செம ஸ்பீடு லா.”

“எந்த சிஸ்டம்?”

“நம்ம சிஸ்டம்தான்ணே. ஒரு நாள்கூட நிக்கலையே. நேத்து ஒரு டவுட்டுக்கு ஹெல்ப்லைன் அடிச்சேன், ஒரு அக்கா எடுத்தாங்க. ரொம்ப தன்மையா பேசுனாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்கண்ணே. வாக்குமூலத்துல ஒரு வரி விட்டுப்போச்சாம்.”

நான் போனை வைத்துவிட்டு அறைக் கதவைத் திறக்கப் போனேன். சாதாரண மரக்கதவு, சாதாரணத் தாழ்ப்பாள். அசையவில்லை. ஜன்னலும் அசையவில்லை. வெளியே நல்ல வெயில், கீழே பஸ் போகும் சத்தம் கேட்கிறது. கத்திப் பார்த்தேன், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அறைக்குள் புகை வாடை வர ஆரம்பித்திருக்கிறது.

கட்டிலில் உட்கார்ந்து போனில் முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வருகிறேன். எழுதும்போதுகூட அந்த ஒரு இடத்தில் பொய்யைத்தான் எழுதினேன். இப்போது சரியாக எழுதுகிறேன்.

யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. அமுக்காதே என்று பாஸ் சொன்னார், அவ்வளவுதான். நீட்டிய கையைக் கீழே போட்டவன் நான். இவள் போய்விட்டால் அந்த நாற்காலி எனக்கு என்று நினைத்தேன். நான்கு நிமிஷமும் அதைத்தான் நினைத்தேன்.

கலைமகளுக்கு அனுப்பிவிட்டேன். அவள் படித்துவிட்டாள் என்று போன் காட்டுகிறது.

மூச்சு விடச் சிரமமாக இருக்கிறது. கதவு இன்னும் திறக்கவில்லை.