பிளாட்பாரத்துக்கு அடியில்

தண்ணீர் வடிந்து எத்தனையோ நாளாகியும் அந்தச் சுவர் மட்டும் காயவில்லை. படியிறங்கும்போது சகினாவின் விரல் பட்ட இடமெல்லாம், இப்போதுதான் யாரோ ஈரக்கையோடு தடவிக்கொண்டு போனதுபோல் சில்லிட்டது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே நடுங்கிய வருஷம், ரயில் நிலையத்துக்கு அடியில் ஜனங்கள் ஒளிவதற்காக வெட்டிய நிலவறை அது. அபாயச் சங்கு ஊதிய ஒரு சாயங்காலம், நெரிசலில் அவள் பிடியிலிருந்து நழுவிய தங்கை வஜீஹா அப்புறம் கிடைக்கவேயில்லை. ஊரைவிட்டு ஓடிய கூட்டத்தோடு ரயிலேறியிருப்பாள் என்றார்கள். அன்று பூட்டிய நிலவறைக்குள் பின்னால் அடையாற்று வெள்ளமும் புகுந்தது. சண்டை முடிந்து இப்போதுதான் திறந்தார்கள். வாரியவர்களுக்குச் சேற்றைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. நாளைக்கு மண் கொட்டி மூடப்போகிறார்கள்.

"அன்னைக்குக் கூப்பிடாமப் பூட்டலை பாய்," என்று சற்றுமுன் காவல்காரர் வெள்ளைச்சாமி அவள் கணவன் ஷாஹுல் ஹமீதிடம் சத்தியம் செய்தார். "உள்ள யாரும் இருக்கீகளான்னு கேட்டேன். பேச்சுமூச்சில்ல. எங்கிட்டோ வளையல்தான் குலுங்குச்சு. மேல நடந்துபோற பொம்பளைகன்னு விட்டுட்டேன்."

புர்காவுக்குள் சகினா தன் வளையல்களைப் பற்றிக்கொண்டாள். அந்நிய ஆண் அழைத்தால் அவர்கள் வீட்டுப் பெண்கள் குரல் காட்டமாட்டார்கள். வளையலைக் குலுக்குவார்கள். இருக்கிறேன் என்று அர்த்தம்.

ஒருதரம் பார்த்தால்தான் மனசு ஆறும் என்று கணவனிடம் சொல்லிவிட்டு அவள் அரிக்கேன் விளக்கோடு இறங்கினாள்.

சேற்றில் புரளாமலிருக்கப் புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பெண்கள் பக்கத்தை மறைத்த படுதா மக்கித் தொங்கியது. காற்றில்லை. படுதா அசைந்தது.

"வஜீஹா?"

வளையல் குலுங்கியது. காதோரத்தில்.

விளக்கு அணைந்தது.

படியில் காலடி. மேலிருந்து கசிந்த அந்தி வெளிச்சத்தில் அவளுடைய புர்கா ஏறிப்போயிற்று. ஓரமெல்லாம் நீர் சொட்டியது.

"பாத்துட்டியா? மனசு ஆறிச்சா?" ஷாஹுல் ஹமீதின் குரல். "வா, வூட்டுக்குப் போலாம்."

சகினா வாயைத் திறந்தாள். குரலில்லை. தொண்டை நிறையச் சேறு.

"ஆறிச்சுங்க," என்றது மேலே, சகினாவின் குரல்.

காலடிகள் விலகின. வெள்ளைச்சாமி வழக்கம்போல் குனிந்தார்.

"உள்ள யாரும் இருக்கீகளா?"

கீழே சகினா இரண்டு கை வளையல்களையும் குலுக்கினாள். குலுக்கினாள்.

வெள்ளைச்சாமியின் தலை பிளாட்பாரத்துப் பக்கம் திரும்பியது.

"அந்தம்மா வளையல்தான்," என்று முணுமுணுத்தபடி இரும்புக் கதவை இழுத்தார்.

வெளிச்சம் நூலாக இளைத்தது. இருட்டில், அவளுக்குப் பக்கத்தில் யாருமில்லை.