பட்டறைக்குப் போகிறவள்

முத்துமீனாவுக்குத் தோள்பட்டையிலிருந்து விரல் நுனிவரை வலி. தண்ணீர்க் குடத்தைத் தூக்கியவளின் கை பாதியிலேயே விட்டுப்போனது. குடம் அடுப்படியில் உருண்டது.

"நகத்துக்குச் செவப்புப் பூசுற கையில குடம் எப்பிடித் தங்கும்..." மாமியார் அன்னக்கொடி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "எம் மகன் கனடாவுல குளிருல பொட்டி தூக்குறான். நீ ஒரு மாசமா விடிஞ்சதும் கெளம்பிப் பொழுதடைய வார. ஒத்தக்கடை ஊரே என்னையக் கேக்குதுடி, மருமக எங்க போறான்னு."

முத்துமீனா குடத்தை நிமிர்த்தி வைத்தாள். உண்மையைச் சொன்னால் புருஷன் தங்கப்பாண்டி காதுக்குப் போகும். அவன் அன்றே தடுத்துவிடுவான்.

சமயநல்லூரில் விருமாண்டி பட்டறையில் எட்டு வருஷம் வெல்டராக இருந்தவன் அவன். கனடாவிலும் அந்த வேலையைத்தான் தேடினான். பழைய முதலாளி கையெழுத்திட்ட அனுபவக் கடிதம் இல்லாமல் வெல்டர் பரீட்சையே எழுத முடியாதென்றார்கள். அவனோ கல்யாண மண்டபத்து இரும்புக் கேட் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, விருமாண்டியிடம் சொல்லாமல் விமானம் ஏறியவன்.

போன் அடித்தது. தங்கப்பாண்டிதான். மாமியாரும் கேட்கட்டுமென்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"முத்து, நீ அனுப்புன லெட்டர ஏத்துக்கிட்டாங்க. அடுத்த மாசம் பரீட்சை. ஆமா, எம் பேரக் கேட்டாலே அந்த மனுசன் காறித் துப்புவாரே... எப்பிடிக் குடுத்தாரு?"

இனி மறைக்க ஒன்றுமில்லை.

"நீங்க விட்டுட்டுப் போன வேலைக்குப் பதிலா நாப்பது நாளு கூலியில்லாம வாரேன்னேன் மச்சான். இரும்புல துரு தேய்ச்சுப் பிரைமர் பெயிண்டு அடிக்கிறேன். செவப்புப் பிரைமரு. மண்ணெண்ணெய் போட்டாலும் நகத்த விட்டுப் போக மாட்டேங்குது."

அந்தப் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்.

அன்னக்கொடி வந்து மருமகளின் கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது.

"பாவி மகளே, எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா... எம்புட்டுப் பேசிட்டேன்." அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். முத்துமீனாவுக்கும் கண் நிறைந்தது. ஆனால் ஏழரை பஸ்ஸை விட முடியாது.

"இன்னும் எதுக்குப் போற? அதான் லெட்டரு போய்ச் சேந்துருச்சுல்ல."

"நாப்பது நாளு முடியுமுன்னாடியே என்னைய நம்பிக் கையெழுத்துப் போட்டாரு அத்தை."

அன்னக்கொடி தூக்குச்சட்டியில் சோற்றை அமுக்கிப் போட்டு, மேலே இரண்டு முட்டை வைத்தாள். போனைப் பார்த்து, "பரீட்சையில மட்டும் தோத்துட்டு வா, தோல உரிக்கிறேன்" என்றாள்.

முத்துமீனா செருப்பை மாட்டினாள். விருமாண்டிக்கு இன்னும் பதினோரு நாள் வேலை பாக்கி இருந்தது.