வியாழக்கிழமை இரத்தம்

மேலப்பாளையம் சோதனைக் கூடத்தில், பழுது பார்த்துத் திரும்பி வந்த செல்நோக்கியைச் சரிபார்க்க நசீமாவுக்கு ஒரு சொட்டு இரத்தம் வேண்டியிருந்தது. மதியச் சோறு கொண்டுவந்த கணவன் ரபீக் விரலை நீட்டினான். திங்கட்கிழமையில் வேறு யார் வருவார்கள்? ஊருக்கே புற்றுச் சோதனை வாராவாரம் வியாழன்தான்.

திரையில் சிவப்புப் புள்ளிகள் பொங்கின. ஒவ்வொன்றும் ஒரு புற்றுச் செல்.

"மிஷின் இன்னும் சரியாகல போல" என்றான் ரபீக்.

இன்னொரு சொட்டு எடுத்தாள். அதே சிவப்பு.

"மச்சான், மாத்திரை போடுதீங்களா இல்லையா?"

"ஒருநாள் விட்டதில்ல புள்ள."

சர்க்கரை நோய்க்கென்று ஒரு காலத்தில் கொடுத்த மாத்திரைதான் அது. புற்றுச் செல்லுக்குள் எரியும் அடுப்பை அணைத்துவிடும். பிறகு அந்தச் செல் இரத்தத்துச் சர்க்கரையை நம்பித்தான் பிழைக்க வேண்டும்; அதையும் குறைத்தால் செத்துப்போகும். அதனால் பதினைந்து வயது முதல் எல்லோருக்கும் மாத்திரையும், இனிப்பைத் தொடாத வாய்க்கட்டும் சட்டமாகியிருந்தன.

"இனிப்பு?"

ரபீக் தூக்குவாளியைத் திறந்து மூடினான். "செவ்வா, புதன் தொட மாட்டேன். வியாழன் பச்சை விழுந்துரும். மத்த நாள்... ஊரே அப்படித்தான. நம்ம தெரு ஹாஜியாரே சோதனை முடிஞ்சதும் நேரா அல்வாக் கடைக்குத்தான் போறாரு."

நசீமா சிரிக்கவில்லை. தட்டிலிருந்த இரத்தத்தில் சர்க்கரையைக் குறைத்தாள். மாத்திரையின் மருந்தை விடும் முன்பே செல்கள் சுருங்கி, தின்பதை நிறுத்தின. சர்க்கரை தின்னும் செல் மட்டுமே செல்நோக்கிக்குத் தெரியும்; அதனால் திரை வெளுத்தது. மருந்தை விட்டாள். சிறிது பொறுத்துச் சர்க்கரையைச் சேர்த்தாள். ஒன்றுகூடக் குறையாமல் எல்லாம் மறுபடி சிவந்தன.

"பத்து வருஷமா ரெண்டு நாள் பட்டினி, அஞ்சு நாள் விருந்து. அதுகளும் பழகிட்டு மச்சான். சோதனைக்கு மட்டும் நல்லபுள்ளையா இருக்கு."

"இனிமே ஒழுங்கா வாயக் கட்டுதேன்."

"கட்டினா தூங்கிரும். தின்னா பிழைச்சிக்கிடும். மாத்திரை எதைக் கொல்லும்?"

ரபீக் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்க்காமல், தலைமையகத்துக்கு அனுப்புவதற்காகப் போன வியாழன் பட்டியலைத் திறந்தாள் நசீமா. தெருத்தெருவாகப் பச்சை. ஊழியர் பகுதியில் அவள் பெயருக்கும் பச்சை. நேற்றுக் கல்யாண வீட்டில் அவள் மூன்று துண்டு தம்ரூட் இனிப்பு தின்றிருந்தாள்.

புது ஊசியைப் பிரித்தாள். தன் விரலருகே கொண்டுபோய் நிறுத்தினாள். ரபீக்தான் எழுந்து வந்து அவள் விரலைப் பிடித்துக் குத்தினான்.