பச்சை வயர்

பச்சை வயர் பைக்குள்ளேயே கிடந்தது.

தையல்கடையில் ஃபேன் மாட்ட ஏணியில் ஏறி நின்றவன், ஸ்க்ரூ எடுக்கப் பைக்குள் கையை விட்டபோது அது விரலில் தட்டுப்பட்டது. நாலு முழம் அளந்து, இரண்டு நுனியும் சீவி, அழகாகச் சுருட்டிய வயர். இந்நேரம் தங்கச்சி வீட்டுக் குளியலறையில், புது ஷவர் ஹீட்டரை எர்த்தோடு இணைத்துக்கொண்டு இருக்கவேண்டிய வயர்.

கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்தால் சிவப்பாக எரிகிற டெஸ்டர் எந்நேரமும் சட்டைப் பையில் குத்தியிருப்பதால் அவனுக்குப் பெயரே டெஸ்டர் என்றாகிவிட்டது. இருபது வருஷத் தொழில். வரும் தண்ணீரை வர வரச் சுடவைக்கிற அந்த ஷவரை வாங்கப்போகிறேன் என்று யார் வந்து நின்றாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவான்: போர்டிலிருந்து அதற்கென்று தனியாகத் தடித்த வயர் இழுக்கணும், எர்த் இல்லாமல் தொடவே கூடாது, கரண்ட் கசிந்தால் கண்ணிமைக்கிற நேரத்தில் துண்டிக்கிற டிரிப்பர் இல்லாத வீட்டில் அதை மாட்டவே கூடாது. எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம்!

நேற்று சாயங்காலம் ஹீட்டரைப் போட்டதும் அந்த டிரிப்பர் படக்கென்று விழுந்தது. தூக்கிவிட்டான். மறுபடி விழுந்தது. நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றதும் தங்கச்சி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் ஓடி ஓடிச் செய்யறே, தங்கச்சி வீடுன்னா மட்டும் நாளைக்கா? எட்டு மாசக் குழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு நான் தினமும் கொதிக்கிற தண்ணியத் தூக்கிட்டு நடக்கறேன்."

பழைய டிரிப்பர், கோளாறு அதில்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அதை ஒதுக்கிவிட்டு வயரை நேராக இணைத்தான். காலையில் புதுசு மாட்டிக்கொள்ளலாம், அதுவரைக்கும் எர்த் காப்பாற்றும் என்ற தைரியம். பச்சை வயரை அளந்து சீவிக்கொண்டிருந்தபோது குழந்தை வீறிட்டது. தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்துவிட்டுத் திரும்பி வந்தவன், ஹீட்டரின் மூடியை மாட்டித் திருகிவிட்டான். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னது இப்போது காதுக்குள் கேட்டது.

"எல்லாம் பக்காவா முடிச்சாச்சு. காலைல பயப்படாம குளி."

ஏணியில் நின்றபடியே தங்கச்சிக்குப் போன் போட்டான். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். எடுத்தாள்.

"பாப்பா, ஹீட்டரப் போடாதே! கேக்குதா?"

தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. அதற்கு அடியில், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றால் கேட்குமே, அந்த மாதிரி ஒரு உறுமல். பிறகு துண்டித்துவிட்டது.

"என்னண்ணே, பாதியில இறங்கிட்டீங்க?" என்று தையல்காரர் கேட்டது அவன் காதில் ஏறவில்லை.

தூறலில் வண்டியை விரட்டினான். மச்சான் லாரி எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாளாகிறது, வீட்டில் அவளும் குழந்தையும் மட்டும்தான். போன் எடுத்தாளே, எடுத்தாள் என்றால் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று வழி நெடுக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனான். அந்த உறுமலை மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்த்தான்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளியதும் சுட்ட பிளாஸ்டிக் நாற்றம், அதோடு சோப்பு வாசனை. கூடத்தில் தொட்டிலில் குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போய்க் கிடந்தது. தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அவளுடைய போன் ஈரமாகக் கிடந்தது. குளியலறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே ஷவர் கொட்டிக்கொண்டிருந்தது.

பாய்ந்துபோய் மெயினை அணைத்தான். ஃபிரிட்ஜ் அடங்கியது. ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டான்.

உறுமல் நிற்கவில்லை.

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்து அவன் செருப்பை நனைத்தது. சூடாக இருந்தது. ஆவி பறந்தது. கரண்ட் இல்லை, எப்படிச் சுடும்? குனிந்தான். டெஸ்டர் நுனியைத் தண்ணீரில் வைத்தான்.

எரிந்தது. சிவப்பாக.

"பாப்பா..."

தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தங்கச்சி வெளியே வந்தாள்.

"என்னண்ணா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?"

டெஸ்டர் கையிலிருந்து நழுவி உருண்டது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

"தப்புப் பண்ணிட்டேன்மா. எர்த் குடுக்க மறந்துட்டேன். நீ... நல்லாதான இருக்கே?"

"தண்ணி எவ்ளோ நல்லா இருக்கு தெரியுமா," என்றாள் அவள். "இந்தா, கீழ போட்டுட்டே."

குனிந்து டெஸ்டரை எடுத்து நீட்டினாள். அவள் விரலுக்குள் அது எரிந்துகொண்டிருந்தது.

அவன் வாங்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான். ஆவி. கொட்டும் தண்ணீர். ஈரத் தரையில் மடங்கிய இரண்டு கால்கள். குழாயைப் பிடித்தபடி ஒரு கை. அவன் வாங்கித் தந்த வளையல். கரண்ட் பிடித்த கை விடாது. தொழிலில் முதல் நாள் கற்ற பாடம்.

தொட்டிலில் குழந்தை மறுபடி வீறிட்டது.

"பசிக்குது போல," என்று அவள் திரும்பினாள்.

அவன் முந்திக்கொண்டான். விழுந்தடித்து ஓடிக் குழந்தையை வாரி எடுத்துச் சுவரோடு ஒட்டி நின்றான். அதற்கு மேல் போக இடம் இல்லை.

அவள் வந்தாள். ஈரக் கால் தடம் ஒவ்வொன்றிலும் ஆவி எழுந்தது. இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுண்ணா. நேத்து சாயங்காலம் நீதான வெச்சிருந்தே."

"வேண்டாம்மா. உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன். தொடாதே."

குழந்தை அழுகையை நிறுத்தியது. அம்மாவைப் பார்த்தது. பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

அதன் தலையில் இருந்த பூனைமுடி, ஒவ்வொன்றாக எழுந்து, அவள் கையை நோக்கி நீண்டது.