வால்நட் காட்டில் வருகைப் பதிவு

வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கூரை அதிரக் கத்தும் ஒன்பது பிள்ளைகளும், வால்நட் காட்டுக்குள் பெகாயிம் டீச்சர் கூப்பிட்டபோது வாயே திறக்கவில்லை. குளிர் போலும் என்று அவள் பதிவேட்டை மூடினாள்.

குளிர்கால இயற்கைச் சுற்றுலா, தலைமையாசிரியரின் யோசனை. பிள்ளையின் குல்லாய் தொலைந்தால்கூட அரைமணி நேரம் சண்டை பிடிக்கும் பெற்றோர், இதற்கு மட்டும் கேள்வியே கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெகாயிம் இந்த மலையூருக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. முந்தைய டீச்சர் மாற்றலாகிப் போனாராம். எந்த ஊருக்கு என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள்.

நண்பகல்தான். ஆனாலும் மூடுபனி அடிமரங்களை இடுப்புவரை விழுங்கியிருந்தது. ஈரக் கம்பளியும் மட்கிய இலையும் கலந்த வாசனை மூக்கில் ஏற, எங்கோ கிளையிலிருந்து பனிப்பொதி நழுவி மெத்தென்று விழும் ஓசை, யாரோ அடியெடுத்து வைப்பதுபோல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது.

"இது முயல் தடம். வரைஞ்சுக்குங்க."

"முயல் இல்ல டீச்சர், இவன் மூக்கு ஒழுகின தடம்." எர்மெக்கைக் காட்டிச் சொன்னாள் உல்பான். உப்புத் தயிருருண்டையைக் கடித்தபடி பெகாயிமின் கையைப் பிடித்து வந்தவள் அவள். தினமும் மாலை ரொட்டியும் ஜாமும் கொடுத்து, எழுத்துக்கூட்டி வாசிக்கப் பெகாயிம் பழக்கிய பிள்ளை.

"எர்மெக்."

மரங்களுக்குள்ளிருந்து வந்த குரல். பெகாயிமின் குரல்.

தன் உதடுகளைத் தொட்டுப் பார்த்தாள். மூடியிருந்தன.

எர்மெக் பனியையே பார்த்து நின்றான். குரல் அடுத்த பெயரைச் சொன்னது. அதற்கடுத்ததை. பதிவேட்டு வரிசை பிசகவில்லை.

"யாரும் பதில் சொல்லாதீங்க. எல்லாரும் என் பின்னாடி வாங்க," என்று முணுமுணுத்தாள். எப்படியாவது இவர்களைக் காட்டோரம் நிற்கும் பள்ளி வேனில் ஏற்றிவிட வேண்டும்.

"தெரியும் டீச்சர். அம்மா சொல்லித்தான் அனுப்பினாங்க," என்றாள் உல்பான்.

ஒன்பது பெயரும் முடிந்தன.

"அப்ப யாரு வந்திருக்கா?" என்றது குரல்.

உல்பான் தொண்டையைச் செருமிக்கொண்டாள். மாலை நேரங்களில் பழகிய அதே தெளிவோடு, ஒவ்வொரு எழுத்தாக, "பெகாயிம்," என்றாள்.

"உல்பான்... ஏம்மா?"

"உங்களத் தேடி வர யாரும் இல்லல்ல டீச்சர்." குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "ஹெட்மாஸ்டர் சார்தான் உங்கள வேலைக்கு எடுக்கும்போதே கேட்டு வச்சுக்கிட்டாரு."

உல்பான் தன் கையை விடுவித்துக்கொண்டாள். பிள்ளைகள், அவள் கற்றுக்கொடுத்தபடியே தள்ளாமல் முந்தாமல், வரிசையாக மூடுபனிக்குள் நடந்தார்கள். பெகாயிம் அவர்கள் பின்னால் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

எதிரே பனி அமிழ்ந்தது.

சின்னக் காலடித் தடம். செருப்பில்லாத ஐந்து விரல். யாரும் இல்லை. இன்னொன்று. இன்னும் ஒன்று. அவள் காலணி முனைவரை வந்து நின்றது.

விரித்தபடியே இருந்த அவள் உள்ளங்கைக்குள், ஒரு குட்டிக் கை நுழைந்து இறுகியது.